குழுவில் சண்டை வந்தால்? கேட்டவர்களுக்குப் பதில்

கோத்தகிரிப் பக்கம் சிறு தேயிலை விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுவை ஏழு வருஷமாகப் பார்த்துக்கொள்கிறேன். குழுச் சண்டைகளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் நான்கு இவை.

கட்டபெட்டிலிருந்து: அக்கா, கொழுந்து விலையைப் பற்றி எழுதினேன். பங்காளி ஒருவர் "உனக்கு என்ன தெரியும்" என்று எல்லார் முன்னாலும் போட்டுவிட்டார். பதிலுக்கு நானும் போடட்டுமா?

வேண்டாம் தம்பி. எங்கள் குழுவில் இரண்டு பேர் கிலோவுக்கு இரண்டு ரூபாய் வித்தியாசத்துக்காக ராத்திரி பதினொரு மணி வரை எழுதியே சண்டை போட்டார்கள். மறுநாள் கொழுந்து எடை போடும் இடத்தில் மூட்டையை இறக்கிவிட்டு ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். டீ வாங்கிக் கொடுத்து விசாரித்தேன். தேயிலை வாரியம் மாதாமாதம் விலை அறிவிக்கிறதல்லவா, ஒருவர் சொன்னது போன மாத விலை, மற்றவர் சொன்னது இந்த மாத விலை! அவ்வளவுதான்.

உங்கள் பங்காளிக்குப் போன் போடுங்கள். "அண்ணே, நீங்க அப்படி எழுதினது மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு" என்று மட்டும் சொல்லுங்கள். நீங்களே கோபத்தில் ஏதாவது போட்டுவிட்டால் பதினைந்து நிமிஷத்துக்குள் திருத்தலாம். ஆனால் அதற்குள் பார்த்தவர்கள் இருப்பார்கள். அதனால் குழுவிலேயே மன்னிப்பும் கேட்டுவிடுங்கள்.

குன்னூரிலிருந்து: ஒருவர் எங்கோ எடுத்த பழைய கரடிப் படத்தை, இங்கே கரடி வந்திருக்கிறது என்று போட்டார். நான் "பொய்" என்றதும் கோபித்துக்கொண்டார்.

கரடி நம் தோட்டங்களுக்கு வருவது நிஜம். அவரும் பிள்ளைகள் பள்ளிக்கு நடந்து போகிறார்களே என்ற பயத்தில்தான் போட்டிருப்பார். "பொய்" என்றால் அவரையே பொய்யர் என்ற மாதிரி ஆகிவிடும். "எந்த இடம்? எத்தனை மணிக்கு? யார் பார்த்தது?" என்று கேளுங்கள். படத்தின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது. அதைத் தனியாக அவருக்குக் காட்டுங்கள்.

கூடலூரிலிருந்து: நான் அட்மின். யாரோ தப்பாகப் போட்டால் என் மேல் கேஸ் வருமா?

கரூர் வழக்கறிஞர்கள் குழு ஒன்றில் இப்படித்தான் அட்மின் மேல் வழக்குப் பாய்ந்தது. 2021 டிசம்பரில் மதுரை உயர் நீதிமன்றக் கிளை, அவர் அட்மினாக இருந்ததைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை என்றால் குற்றப்பத்திரிகையில் அவர் பெயர் இருக்கக் கூடாது என்று சொன்னது. அதற்காகச் சும்மா இருக்காதீர்கள். சாதியை, மதத்தை இழுத்து வரும் பதிவை உடனே அழியுங்கள். அட்மின் அழித்தால் எல்லாருக்கும் அழியும். அப்புறம் போட்டவரிடம் போனில் காரணம் சொல்லுங்கள்.

ஊட்டியிலிருந்து: தினமும் சண்டை. விலகிவிடலாமா அக்கா?

விலகலாம், தப்பில்லை. 2022 முதல் அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகும். ஆனால் நம் ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், இப்போது சாவுச் செய்தியும் குழுவில்தான் வருகிறது. முதலில் ம்யூட்டில் போட்டுப் பாருங்கள், ராத்திரி படுக்கும் முன் ஒரு தடவை திறந்தால் போதும்.