தம்பி கேட்பது ராக்கெட், அவன் படிக்க வேண்டியது வேதியியல்

ஆச்சி, போன வாரம் தம்பியைக் கூட்டிக்கொண்டு தேவகோட்டையிலிருந்து வந்தபோது இரண்டு பயங்களைச் சொன்னீர்கள். பிளஸ் டூ படிக்கிற பிள்ளை எரிமருந்து பற்றியே படித்துக்கொண்டிருக்கிறானே, ஏதாவது விபரீதம் ஆகிவிடுமோ என்பது ஒன்று. இதற்கெல்லாம் வேலை கிடைக்குமா என்பது இன்னொன்று. அன்றைக்குப் பதில் சொல்ல நேரம் போதவில்லை, அதனால் இப்போது எழுதுகிறேன்.

தம்பி தன் நோட்டைக் காட்டினான். அதில் ராக்கெட் படம் ஒன்றுகூட இல்லை. ராக்கெட் எரிமருந்தில் சேரும் உப்பான அமோனியம் பெர்குளோரேட்டில் கொஞ்சம் இரும்பு ஆக்சைடு சேர்ந்தால் ஏன் சீக்கிரம் பற்றுகிறது, ஏன் வேகமாக எரிகிறது என்ற ஒரே கேள்விதான் நாலு பக்கம். அவனை இழுப்பது ராக்கெட்டின் உடம்பு இல்லை, உள்ளே நடக்கும் வேதியியல். இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் ஏரோநாட்டிக்கல் சேர்ந்து, இரண்டாம் வருஷத்தில் திணறிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

அவன் கேள்வியை உங்களுக்கும் சொல்கிறேன். 2023 ஜூலையில் சந்திரயான்-3 ஏறிப்போன ராக்கெட்டின் இருபுறமும் இருந்த பெரிய குழாய்கள் ஒவ்வொன்றிலும் சுமார் 200 டன் திட உந்துபொருள். ரப்பர் மாதிரியான பிசினில் அலுமினியத் தூளும் பெர்குளோரேட் உப்பும் சேர்ந்து இறுகிய கட்டி அது. எரியத் தேவையான ஆக்சிஜனைத் தருவது அந்த உப்பு. சூடேறினால் உப்பு சிதையும். வினையை வேகப்படுத்தும் வினையூக்கி இருந்தால் குறைந்த வெப்பத்திலேயே சிதையும்; இரும்பு ஆக்சைடு செய்வது அந்த வேலைதான். வெளிவரும் வாயுக்கள் மேற்பரப்பை ஒட்டியே எரிவதால் வெப்பம் மறுபடி கட்டிக்குள் இறங்கும். பற்றுவதற்கு ஆகும் நேரம் குறையும், எரியும் வேகம் கூடும். உங்கள் வீட்டு ஆத்தங்குடிப் பூக்கல்லுக்குச் சிவப்பு தருவதும் இதே இரும்பு ஆக்சைடுதான்.

வேகம் கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் வேகம் கூடினால் குழாய்க்குள் அழுத்தம் ஏறும், அழுத்தம் ஏறினால் இன்னும் வேகமாக எரியும். அளவு தப்பினால் கூடே பிளந்துவிடும். வினையூக்கியை நேனோ துகளாக, அதாவது மிக மிக நுண்ணிய தூளாகப் போட்டால் பரப்பு அதிகம், ஆனால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். ஃபெரோசீன் என்ற இரும்புச் சேர்மம் நன்றாக வேலை செய்யும், ஆனால் நாளாக நாளாகக் கட்டிக்குள்ளேயே இடம் பெயர்ந்துவிடும். எதை, எந்த அளவுத் துகளில், எவ்வளவு சேர்ப்பது என்று கண்டுபிடிப்பதே ஒரு முழுநேர வேலை.

உங்கள் முதல் பயம் நியாயமானது. இந்தக் கலவைகள் ஓர் உரசலிலேயே பற்றக்கூடியவை. மொட்டை மாடியில் ஒரு சிட்டிகைகூடக் கலக்கக் கூடாது என்று தம்பியிடம் கண்டிப்பாகச் சொன்னேன். ஆய்வகத்தில் சில மில்லிகிராம் எடுத்துக் கருவிக்குள் வைத்துத்தான் சூடாக்கிப் பார்ப்பார்கள். அதுவரை அவன் நோட்டிலேயே யோசிக்கட்டும்.

சரி, படிப்புக்கு வருவோம். பெர்குளோரேட்டைத் தயாரிப்பதே மின்னாற்பகுப்பு வழியாகத்தான், அதாவது கரைசலில் மின்சாரம் செலுத்தி. அந்த மின்வேதியியலுக்காகவே வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் அடிக்கல் நாட்டி எழுந்த ஆய்வகம் நம் காரைக்குடியில் இருக்கிறது. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்; சிக்ரி என்றால் உங்களுக்கே தெரியும். அங்கே வேதி, மின்வேதிப் பொறியியலில் பி.டெக். உண்டு. என் முதல் யோசனை அதுதான். பி.எஸ்ஸி., எம்.எஸ்ஸி. வேதியியல் படித்து ஆராய்ச்சிக்குப் போவதும் நல்ல வழி, வருஷம் மட்டும் கூடும். விண்வெளிப் படிப்புக்கான திருவனந்தபுரத்து ஐ.ஐ.எஸ்.டி.க்கு ஜே.இ.இ. அட்வான்ஸ்டு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அங்கே பி.டெக்.கில் விண்வெளிப் பொறியியலும் மின்னணுவும்தான் முக்கியம், இவனுக்கு அது இரண்டாம் பட்சம்.

வேலை என்றால் இஸ்ரோவின் விக்ரம் சாராபாய் மையம், புனேயில் பாதுகாப்புத் துறையின் டி.ஆர்.டி.ஓ. ஆய்வகம். இடங்கள் குறைவு, போட்டி கடுமை. ஆனால் வினையூக்கி தெரிந்தவனை உரத் தொழிற்சாலையும் எண்ணெய்ச் சுத்திகரிப்பும் பேட்டரித் துறையும் தேடும்.

செப்டம்பர் 26, சிக்ரியின் தாய் அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். நிறுவன நாள். அதையொட்டி ஆய்வகங்களைப் பொதுமக்களுக்குத் திறந்து காட்டுவது வழக்கம். சிக்ரியில் தேதி கேட்டுக்கொண்டு தம்பியோடு நீங்களும் வாருங்கள், ஆச்சி. அந்த நாலு பக்க நோட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள்.