புதிதாக வந்த பிள்ளை: முன்பள்ளிக் கேள்வி–பதில்

கேள்வி: சுவிஸிலிருந்து வந்து அம்மம்மா வீட்டில் இருக்கும் நாலரை வயதுப் பிள்ளை, எங்கள் முன்பள்ளியில் சேர்ந்து ஐந்து கிழமையாகியும் ஒரு சொல் கதைக்கவில்லை. வீட்டில் அண்ணனுடன் ஓயாமல் ஜேர்மன் கதைக்கிறாளாம். அதை நிறுத்தினால்தான் தமிழ் வரும் என்கிறா அம்மம்மா. நான் என்ன செய்யலாம்?
– முன்பள்ளி ஆசிரியை, மானிப்பாய்

பதில்: நிறுத்த வேண்டாம் என்று அம்மம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள், ரீச்சர் சொன்னால் கேட்பா. வீட்டில் ஒரு மொழியில் முழு வசனமாகக் கதைக்கும் பிள்ளைக்குப் பேச்சில் குறையில்லை. புது மொழிக்குள் வரும் பிள்ளைகள் பலர் சில கிழமைகள், சிலர் ஆறு மாதம் வரைகூட, வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். தாய் தமிழில் கதைக்கட்டும். மகள் ஜேர்மனில் மறுமொழி சொன்னால் ஏசாமல் தமிழிலேயே கதையைத் தொடரட்டும்.

எல்லோர் முன்னாலும் எழுப்பி, "இது என்ன நிறம், சொல்லுங்கோ பாப்பம்" என்று மட்டும் கேட்காதீர்கள். அத்தனை கண்களும் தன்னைப் பார்த்தால் இன்னும் ஒடுங்கிவிடுவாள். பக்கத்தில் இருந்து, அவள் செய்வதையே சொல்லிக்கொண்டிருங்கள்: "சிவப்புக் கட்டை எடுத்தாச்சு. நீலத்துக்கு மேல வைக்கிறீங்கள்." கேட்கத்தான் வேண்டுமென்றால் இரண்டைத் தூக்கிக் காட்டுங்கள்: "கடலையா, வாழைப்பழமா?" மனதுக்குள் பத்து வரை எண்ணிப் பொறுங்கள். விரலால் காட்டினாலும் அது பதில்தான். அபிநயப் பாட்டை நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே ஒழுங்கில் பாடுங்கள். முதலில் கை அசையும், சொல் பிறகு வரும். கடை வைத்து விளையாடும்போது அமைதியான ஒரு பிள்ளையை மட்டும் அவளுடன் சேர்த்துவிடுங்கள்.

தண்ணீர், நோகுது, சலம் வருது, போதும், அம்மா வருவா: இப்படிப் பத்துச் சொல்லுக்கு ஜேர்மனைத் தமிழ் எழுத்தில் தாயிடம் எழுதி வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள். "மாமா" என்று அழுதால் அவள் தேடுவது தாயை. ஜேர்மனில் தாயை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

கழிப்பறையைப் பலரும் யோசிப்பதில்லை. கதிரைபோல இருந்து பழகிய பிள்ளைக்குக் குந்தும் கழிப்பறை பயம். அடக்கி அடக்கி மலச்சிக்கல் வரும், உடுப்பு நனையும், காலையில் "போகமாட்டன்" என்று அழுவாள். முன்பள்ளி விட்டபிறகு, ஆட்கள் இல்லாத நேரத்தில், தாயுடன் கதவைத் திறந்துவைத்துச் சில நாள் பழக்குங்கள். இடைவேளைச் சாப்பாட்டுக்கு முன் நீங்களே கூட்டிச்செல்லுங்கள்.

வீட்டிலும் எந்த மொழியிலும் வசனமாகக் கதைக்காத, பெயர் சொன்னால் திரும்பாத, கையால் காட்டிக் கேட்காத பிள்ளையென்றால் விஷயம் வேறு. அப்போது காத்திருக்காமல் குடும்பநல உத்தியோகத்தர் மூலம் பிள்ளைநல வைத்தியரிடம் அனுப்புங்கள்.

கேள்வி: தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்த என் பேரனுக்கு நான்கு வயது. இந்தியப் பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான் இருக்கிறது. பத்திரங்கள் சரியான பிறகு முன்பள்ளிக்கு விடுவதா? மற்றப் பிள்ளைகள் அவன் கதையைப் பகிடி பண்ணுவார்களோ?
– தாத்தா, தெல்லிப்பழை

பதில்: இப்போதே விடுங்கள். பத்திர வேலை இழுபடும், பிள்ளையின் வயது நிற்காது. தரம் 1 இல் சேர ஜனவரி 31 இல் 5 வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். அதற்குமுன் இருக்கும் காலம் அவனுக்குத் தேவை. சான்றிதழின் பிரதியைக் கொடுத்துச் சேர்த்துவிடுங்கள்.

வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் இலங்கைக் குடியுரிமையைப் பதிவுசெய்ய வேண்டும். பிறந்து ஒரு வருடத்துக்குள் செய்யவேண்டியது, பிந்தினாலும் வழியுண்டு. பெற்றோரின் பிறப்பு, விவாகச் சான்றிதழ்களையும் அடையாள அட்டைகளையும் எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். போகுமுன் பெயர்களை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றில் தகப்பனின் முழுப்பெயர், இன்னொன்றில் முதலெழுத்து மட்டும், ஆங்கில எழுத்துக்கூட்டலும் வேறு என்றால் அங்கேதான் சிக்கும்.

தடுப்பூசி அட்டையையும் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். இந்திய அரசின் அட்டவணையில் இருப்பது சின்னமுத்து, றுபெல்லா ஊசி. இங்கே 9 மாதத்திலும் 3 வயதிலும் கூகைக்கட்டும் சேர்ந்த ஊசி போடுகிறார்கள். விடுபட்டதை அவர் பார்த்துச் சொல்வார்.

பகிடியைப் பற்றி ரீச்சரிடம் முதல்நாளே கதையுங்கள். "இந்தியாப் பிள்ளை", "அகதி" என்று பெரியவர்கள் சொல்வதைத்தான் சின்னவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். ரீச்சர் அவனைப் பெயர் சொல்லி மட்டும் கூப்பிடட்டும். அவன் கதைக்கும் விதத்தை நடுவில் மறித்துத் திருத்தவும் வேண்டாம்.