பிளாஸ்ஃபெமி என்ற ஆங்கிலச் சொல்லின் பொருள் என்ன? அது எங்கிருந்து வந்தது?

கடவுளையோ, புனிதமெனப் போற்றப்படும் ஒன்றையோ இழித்துப் பேசுவதுதான் பிளாஸ்ஃபெமி. தமிழில் இதைத் தெய்வ நிந்தனை என்கிறோம். கிறித்தவத் தமிழில் தேவதூஷணம் என்பது நெடுங்காலமாக வழங்கி வருகிறது. பொருளை மட்டும் கேட்டிருந்தால் இவ்வளவு போதும். ஆனால் சொல்லின் பிறப்பையும் கேட்டிருக்கிறீர்கள். இச்சொல்லின் உறுப்புகளைப் பிரித்துப் பார்த்தால், அவற்றுள் தெய்வத்தைக் குறிக்கும் உறுப்பு ஒன்றுகூட இல்லை. இது பேச்சைப் பற்றிய சொல். தெய்வம் இதற்குள் பின்னால் வந்து சேர்ந்தது.

மூலம் கிரேக்கச் சொல்லான பிளாஸ்ஃபேமியா. அதன் பிற்பாதி பேச்சு, சொல், ஊர்வாய்ச் செய்தி ஆகியவற்றைக் குறிக்கும் ஃபேமே. முற்பாதியைத் தீங்கிழைத்தல் என்னும் பொருளுடைய வேறொரு கிரேக்க வினையோடு சிலர் தொடர்புபடுத்துவர். அறிஞர்களிடையே இதில் ஒருமித்த முடிவு ஏற்படவில்லை. பிற்பாதியைப் பற்றி அப்படி ஐயம் எதுவும் இல்லை, அதன் சுற்றமும் பெரிது. புகழைக் குறிக்கும் ஃபேம் என்ற ஆங்கிலச் சொல் இதற்கு உறவான லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இறைவாக்கினரைக் குறிக்கும் புராஃபெட் என்ற சொல்லும் 'சொல்லுதல்' என்ற அதே வேரில் முளைத்ததே. இறைவனுக்காகப் பேசுபவரும் இறைவனைப் பழித்துப் பேசுபவரும் ஒரே வேரிலிருந்து பெயர் பெற்றிருப்பதைச் சொல்லாராய்ச்சியின் மிக அழகிய செய்திகளுள் ஒன்றாக நான் கருதுகிறேன்.

பண்டைக் கிரேக்கர் இச்சொல்லை எப்படிப் புரிந்துகொண்டனர் என்பதற்கு அதன் எதிர்ச்சொல்லே நல்ல சான்று. அது யூஃபேமியா, அதாவது நற்சொல். வேள்வி தொடங்கும் நேரத்தில் கூடியிருந்தோரை நோக்கி, நற்சொல்லே பேசுங்கள் என்று அறிவிப்பது அவர்கள் வழக்கம். நடைமுறையில் அதன் பொருள், வாயைத் திறக்காதீர்கள் என்பதே; ஏனெனில் தவறி விழும் ஒரு தீச்சொல் சடங்கையே கெடுத்துவிடும் என்று அவர்கள் அஞ்சினர். அந்தத் தீச்சொல்தான் பிளாஸ்ஃபேமியா. மங்கலமாகச் சொல்வதைக் குறிக்கும் யூஃபெமிசம் என்ற ஆங்கிலச் சொல், இந்த நற்சொல்லின் வழிவந்தது. செத்தார் என்னாமல் துஞ்சினார் என்பதை மங்கல வழக்கென்று நன்னூல் வகைப்படுத்தியதை அறிந்தவர்களுக்கு, இந்த இணையின் தன்மை உடனே விளங்கும்.

சடங்குக்கு வெளியே, ஒரு மனிதன் இன்னொருவனைப் பற்றிக் கூறும் அவதூறும் பிளாஸ்ஃபேமியாதான். ஏதென்ஸின் அரசியல் சொற்பொழிவுகளில் அது அப்பொருளில் வருகிறது. கி.மு. 399இல் சாக்ரடீஸ் மீது தெய்வங்களை மதிக்கவில்லை என்று வழக்குத் தொடுக்கப்பட்டபோதுகூட, அக்குற்றத்துக்கு அசெபேயா என்ற வேறொரு சொல்லையே ஆண்டனர். பக்தியின்மைக்கு ஒரு சொல், பழிச்சொல்லுக்கு ஒரு சொல் என இரண்டும் தனித்தனியே நின்றன.

எபிரேய மறைநூல்கள் கிரேக்கத்தில் மொழிபெயர்க்கப்பட்டபோது, இறைவனைப் பழித்தலைச் சொல்ல இச்சொல் பயன்பட்டது. அங்கேதான் அதன் போக்கு திசை திரும்பியது. ஆயினும் பழைய பொருள் உடனே மறைந்துவிடவில்லை. புதிய ஏற்பாட்டில் தலைமைக் குரு தம் ஆடையைக் கிழித்துக்கொண்டு இயேசுவின் மேல் சுமத்தும் குற்றமும் பிளாஸ்ஃபேமியா. எபேசியர் நிருபத்தில், கசப்பு, கோபம் ஆகியவற்றோடு சேர்த்து நீக்கிவிடச் சொல்லும் தீய பேச்சும் அதே பிளாஸ்ஃபேமியா. பழைய தமிழ் வேதாகமம் முதலாவதைத் தேவதூஷணம் என்றும், இரண்டாவதைத் தூஷணம் என்றும் பெயர்த்திருக்கிறது. மூலத்தில் ஒன்றாக இருந்த சொல்லை இடமறிந்து பிரித்த அந்தத் திறனை நான் மிகவும் மதிக்கிறேன். எபேசியர் நிருபத்தில் வரும் அதே சொல்லை வெறும் 'தீய பேச்சு' என்று பெயர்த்த 1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமத்தில், இவ்விரண்டும் ஒரே சொல் என்பதற்கான தடயமே வாசகருக்குக் கிடைப்பதில்லை.

கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்கும், அங்கிருந்து பழைய பிரெஞ்சுக்கும் சென்ற சொல், 13ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்தை அடைந்தது. திருச்சபையின் ஏடுகள் வழியே வந்த வடிவம் இது. மக்களின் வாய்வழக்கில் உருண்டு தேய்ந்த இன்னொரு வடிவமும் பிரெஞ்சு வழியாகவே வந்தது. அதுதான் குறை கூறுதலைக் குறிக்கும் பிளேம். ஒரே தாய்க்குப் பிறந்த இரு சொற்களில் ஒன்று இறைவனைப் பழிப்பதாகவும், மற்றொன்று மனிதர் ஒருவரையொருவர் குறை சொல்வதாகவும் பிரிந்து வாழ்கின்றன. ஸ்பானிய மொழியில் இதே வேர் காயப்படுத்துதல் என்ற வினையாகி, அதிலிருந்து இரக்கத்தைக் குறிக்கும் லாஸ்திமா பிறந்தது.

இங்கிலாந்தில் இது சட்டச் சொல்லாகவும் ஆனது. 1676இல் டெய்லர் என்பவரின் வழக்கில் நீதிபதி மேத்யூ ஹேல், கிறித்தவம் நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்பதால், அதைப் பழிப்பது அரசுக்கு எதிரான குற்றமே என்றார். ஸ்காட்லாந்தில் இக்குற்றத்துக்காகத் தாமஸ் எய்க்கன்ஹெட் என்ற இளம் மாணவர் 1697இல் தூக்கிலிடப்பட்டார்; ஒரு சொல்லின் வரலாற்றைப் படிக்கும்போதுகூட இந்த மரணத்தை என்னால் எளிதில் கடந்து செல்ல முடிவதில்லை. 1883இல் நீதிபதி கோல்ரிட்ஜ், விவாதத்துக்குரிய நாகரிகத்தைக் காத்துப் பேசினால் சமயத்தின் அடிப்படைகளையே மறுத்தாலும் அது குற்றமாகாது என்று விளக்கினார். அதாவது, சொல்லப்பட்ட கருத்தைவிடச் சொல்லப்பட்ட முறையே குற்றத்தைத் தீர்மானிக்கும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2008இல் இக்குற்றம் நீக்கப்பட்டது.

இச்சொல்லோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படும் இரண்டு சொற்கள் உண்டு. சேக்ரிலெஜ் என்பது லத்தீனில் கோயில் பொருளைத் திருடுதல் என்று பிறந்த சொல். ஆகவே அது பேச்சைக் காட்டிலும் செயலுக்கு உரியது. சிலையை உடைப்பது சேக்ரிலெஜ், அதைப் பற்றி இழிவாகப் பேசுவது பிளாஸ்ஃபெமி. புரொஃபேன் என்பதற்கோ கோயிலுக்கு வெளியே உள்ளது என்பதே மூலப்பொருள். சமயம் சாராதது என்ற அளவில் அது பழிப்பில்லாமலும் வழங்கும்.

இன்றைய ஆங்கிலத்தில், பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் பூசுவதைக்கூட ஒரு ரசிகர் பிளாஸ்ஃபெமி என்பார். அத்தகைய இடங்களில் தெய்வ நிந்தனை என்று எழுதினால் வாசகர் திகைத்துப் போவார். அபசாரம் என்பதே பொருத்தமாக அமையும். சட்டத்தையும் சமயத்தையும் பற்றி எழுதும்போது தெய்வ நிந்தனை என்றும், பண்டைக் கிரேக்க நூல்களைத் தமிழில் தரும்போது இடத்துக்கேற்பப் பழிச்சொல் அல்லது அமங்கலச் சொல் என்றும் எழுதுவதையே நான் பரிந்துரைப்பேன்.