மருத்துவமனைகளின் தரம் பற்றிய அறிக்கைகள் பொதுமக்களுக்கு உண்மையிலேயே பயன்படுகின்றனவா? பயன்படும்படி எழுத என்ன செய்ய வேண்டும்?

நியூ ஜெர்சியில் ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தில், ஆஸ்பத்திரிகளை ஒப்பிட்டுக் காட்டும் பக்கங்களைத் தயாரிக்கும் பிரிவில் பத்து வருடம் வேலை பார்த்தவள் நான். அந்தத் தைரியத்தில்தான் அம்மாவுக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை என்று முடிவானதும் "ஆஸ்பத்திரியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து, வயதானவர்களுக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் ஒப்பீட்டுத் தளத்தில் எங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று ஆஸ்பத்திரிகளை வரிசையாக வைத்து அம்மாவிடம் காட்டினேன். இடுப்பு, முழங்கால் மாற்றிய பிறகு எத்தனை பேருக்குச் சிக்கல் வந்தது என்ற வரியில் மூன்றுக்கும் ஒரே பதில்தான்: தேசிய அளவிலிருந்து வேறுபாடு இல்லை. அடுத்த வரி, அதற்கடுத்த வரி, எல்லாம் அப்படியே. அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "இதெல்லாம் இருக்கட்டும்டி. ஆபரேஷன் பண்ற டாக்டருக்குக் கைராசி எப்படி?"

முதலில் சிரித்துவிட்டேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால், இந்தத் துறை நாற்பது வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது அந்த ஒரு கேள்வியோடுதான்.

1986ல் அமெரிக்காவில் மெடிகேரை நடத்தும் அரசு அமைப்பு, ஆஸ்பத்திரி வாரியாக எத்தனை நோயாளிகள் இறந்தார்கள் என்ற பட்டியலை வெளியிட்டது. அதில் மிக மோசமாக நின்ற இடத்தில் 87.6 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். விசாரித்தால், அது சாகும் தறுவாயில் இருப்பவர்களைக் கடைசி நாட்களில் வலியில்லாமல் பார்த்துக்கொள்ளும் இல்லம்! அங்கே போகிறவர்கள் பிழைத்து வருவதற்காகப் போவதில்லை. ஆஸ்பத்திரிகள் கொதித்ததில் ஆச்சரியமில்லை. சில வருடங்களில் அந்த வெளியீட்டையே நிறுத்திவிட்டார்கள்.

கைராசியிலும் இதே ஓட்டைதான். ஒரு டாக்டர் கைராசிக்காரர் என்று ஊரெல்லாம் பேர் வாங்கியிருப்பார். அவர் சுலபமான கேஸ்களை மட்டும் எடுத்துக்கொண்டு, சிக்கலானதை எல்லாம் அடுத்தவர் தலையில் கட்டுகிறவராகவும் இருக்கலாம். வந்து சேர்ந்தவர்களின் நிலைமை தெரியாமல் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று மட்டும் எண்ணினால், கடினமான கேஸைத் துணிந்து எடுக்கிறவருக்குத்தான் கெட்ட பேர் சேரும்.

நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறை 1989லிருந்து பைபாஸ் அறுவை சிகிச்சைக்கு இதைச் சரிசெய்யப் பார்த்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் வயது, இதயம் எவ்வளவு பலமாகச் சுருங்கி விரிகிறது, சிறுநீரகம், நுரையீரல் எப்படி, அவசரமாக வந்தவரா என்றெல்லாம் பதிவு செய்தார்கள். அதை வைத்து, இப்படிப்பட்ட நோயாளிகளில் சராசரியாக எத்தனை பேர் இறப்பார்கள் என்று கணக்கிட்டார்கள். ஒரு ஆஸ்பத்திரியில் 100க்கு 5 பேர் இறக்கலாம் என்று கணக்கு சொல்கிறது, இறந்தது 4 பேர் என்று வையுங்கள். நாலை ஐந்தால் வகுத்தால் 0.8. மாநிலச் சராசரி 3 சதவீதம் என்றால், அதை இந்த 0.8ஆல் பெருக்கி, அந்த ஆஸ்பத்திரிக்குச் சரிசெய்த விகிதம் 2.4. வெறும் எண்ணைப் பார்த்தால் சராசரியைவிட மோசம். நோயாளிகளின் நிலைமையைச் சேர்த்துப் பார்த்தால் சராசரியைவிட நல்லது. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அப்போ மோசமான கேஸை எடுக்கிறவருக்குத் தனி மார்க் குடுக்கிறாங்க" என்றாள். அதேதான்.

துறை முதலில் ஆஸ்பத்திரி பேரை மட்டும்தான் வெளியிட்டது. நியூஸ்டே பத்திரிகை தகவல் உரிமைச் சட்டப்படி வழக்குப் போட்டு ஜெயித்த பிறகு, 1991ல் அறுவை சிகிச்சை செய்பவர்களின் பேரோடு எண்கள் வெளிவந்தன. டாக்டர்களுக்கு எவ்வளவு கசந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சரிசெய்த இறப்பு விகிதம் 1989ல் 4.17 சதவீதமாக இருந்தது 1992ல் 2.45க்கு இறங்கியது. முழுப் பெருமையையும் அறிக்கைக்குக் கொடுத்துவிட முடியாது. இப்படி அறிக்கை எதுவும் போடாத மாசசூசெட்ஸிலும் அந்தக் காலத்தில் பைபாஸ் இறப்பு குறைந்துகொண்டுதான் வந்தது.

எனக்குப் பிடித்த கதை நியூயார்க் மாநிலத்து ஆல்பனி நகரின் செயின்ட் பீட்டர்ஸ் ஆஸ்பத்திரியுடையது. அறிக்கையில் அவர்கள் பேர் மோசமான பக்கத்தில் வந்தது. 'எங்களுக்கு வருகிறவர்கள் அப்படிப்பட்ட நோயாளிகள்' என்று சொல்லிப் பார்த்தார்கள். நோயாளிகளின் நிலைமையைத்தான் ஏற்கெனவே கணக்கில் சேர்த்தாயிற்றே, செல்லவில்லை. பிறகு தங்கள் கேஸ்களையே பிரித்துப் பார்த்தார்கள். திட்டமிட்டுச் செய்த ஆபரேஷன்களில் குறை ஒன்றும் இல்லை. அவசரமாக வந்தவர்களில்தான் 1992ல் 26 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். மாரடைப்போடு வந்தவரின் ரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் நிலைக்குக் கொண்டுவராமல் நேராக ஆபரேஷன் தியேட்டருக்கு ஓட்டிக்கொண்டு போனதுதான் கோளாறு. முதலில் ஆளை நிலைப்படுத்து, அப்புறம் கத்தியை எடு என்று மாற்றினார்கள். 1993ல் அவசர கேஸ்களில் ஒருவர்கூட இறக்கவில்லை.

இந்தக் கதையில் நோயாளி எங்கே என்று கேட்கிறீர்களா? அதுதான் விஷயம். அறிக்கையைப் படித்து ஆல்பனி ஜனங்கள் வேறு ஊருக்குப் போனதால் நடந்த மாற்றம் இல்லை இது. படித்தவர்கள் ஆஸ்பத்திரிக்காரர்கள். நியூயார்க்குக்குப் பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவிலும் இதே மாதிரி அறிக்கை உண்டு. அங்கே பைபாஸ் செய்துகொண்டவர்களிடம் கேட்டு 1998ல் ஒரு ஆய்வு வந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் அப்படி ஒரு அறிக்கை இருப்பதே தெரிந்திருந்தவர்கள் 12 சதவீதம். தன் டாக்டருக்கோ ஆஸ்பத்திரிக்கோ அதில் என்ன மதிப்பு என்று சரியாகத் தெரிந்து, அதை வைத்து முடிவெடுத்தவர்கள் நூற்றில் ஒருவர்கூட இல்லை.

சரி, யாரும் படிக்காவிட்டால் ஆஸ்பத்திரிக்கு மட்டும் ரகசியமாக அனுப்பிவிடலாமே என்று எங்கள் அலுவலகத்திலும் கேட்டவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நான்கு பேர் பார்க்கிறார்கள் என்பதால்தான் அந்த எண் மேசை இழுப்பறைக்குள் போகாமல் இருக்கிறது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. நியூயார்க்கில் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளதாகப் பதிவான நோயாளிகள் 1989ல் 6.9 சதவீதம், 1991ல் 17.4. இரண்டு வருடத்தில் மாநிலமே மூச்சுத் திணற ஆரம்பித்துவிட்டதா என்ன? நோய் கூடுதலாகப் பதிவானால் சரிசெய்த விகிதம் குறையும் என்பதால் குறிப்பு எழுதுகிறவர்கள் கவனமாகிவிட்டார்கள், சில இடங்களில் கொஞ்சம் அதிகமாகவே. இன்னொன்றுதான் பயமாக இருக்கிறது. அடைத்த ரத்தக்குழாயைப் பலூன் விட்டுத் திறக்கும் சிகிச்சைக்கும் நியூயார்க்கில் இதே மாதிரி அறிக்கை வந்தது. அதைச் செய்யும் டாக்டர்களிடம் 2005ல் வெளியான ஒரு ஆய்வில் கேட்டபோது, மோசமான நிலையில் இருப்பவருக்குச் சிகிச்சை செய்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கையில் இந்த எண்களும் மனதில் ஓடுகின்றன என்று 79 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள். ரத்த அழுத்தம் அடியோடு விழுந்து அதிர்ச்சி நிலையில் வரும் மாரடைப்பு நோயாளிகளைக் கணக்கிலிருந்து விலக்க மாநிலம் இறங்கி வந்தது அதன் பிறகுதான். அறிக்கை எழுதுகிறவர்கள் இதை மறக்கவே கூடாது. நாம் எதை எண்ணுகிறோமோ அதற்குப் பயந்து யாரோ ஒருவர் ஒரு நோயாளியைத் தொடாமல் விடலாம்.

இனி எழுதும் விதத்துக்கு வருகிறேன். இங்கே என்னிடம் சொந்தக் காயம் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் தொற்று வருவதைப் பற்றி ஒரு பக்கம் செய்தோம். பச்சைப் பட்டைகள், பட்டை நீளமானால் தொற்று அதிகம். அந்தப் பச்சை எந்தப் பச்சையாக இருக்க வேண்டும் என்று மாதக்கணக்கில் கூட்டம் போட்டுச் சண்டை பிடித்தோம். வெளியிடுவதற்கு முன் எட்டுப் பேரை உட்கார வைத்துக் காட்டினோம். முதலில் வந்தவர் ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர், நிதானமான மனிதர். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மேலிருந்து கீழ்வரை பார்த்தார். இருப்பதிலேயே நீளமான பட்டைமேல் விரலை வைத்து, "இதுதான் நல்லதாகத் தெரிகிறது, நான் இங்கே போவேன்" என்றார். அவர் விரல் வைத்தது தொற்று அதிகமான ஆஸ்பத்திரி. எட்டுப் பேரில் ஐந்து பேர் அதையே செய்தார்கள். குறைந்தால் நல்லது என்று ஓரத்தில் எழுதித்தான் வைத்திருந்தோம். யாரும் படிக்கவில்லை. ஏன் படிக்க வேண்டும்? நீளமான பச்சை என்றால் நல்லது என்று கண் ஏற்கெனவே சொல்லிவிட்டதே.

அன்றைக்குப் பிறகு நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது, பக்கம் முழுக்க எல்லாம் ஒரே திசையில் போக வேண்டும் என்பதை. நல்லவர் மேலே, மற்றவர் கீழே என்று வரிசைப்படுத்திக் கொடுத்துவிட வேண்டும். அகர வரிசை ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு மனக்கசப்பு வராமல் இருக்க உதவும், நோயாளிக்கு உதவாது. தொற்றைச் சொல்லும்போது தொற்று இல்லாமல் வீடு திரும்பியவர்கள் 98.9 சதவீதம், 99.3 சதவீதம் என்று போட்டால் இரண்டும் ஒன்றாகத்தான் படும். ஆயிரம் பேரில் 11 பேருக்கு வந்தது, ஆயிரம் பேரில் 7 பேருக்கு வந்தது என்றால் உடனே உறைக்கும். செலவைத் தனியாகக் காட்டுவதும் ஆபத்து. குறைந்த கட்டணம் என்று பார்த்ததும் சரக்கு மட்டமாக இருக்கும் என்று நினைப்பவர்கள் நிறைய. பக்கத்திலேயே தரத்தையும் சேர்த்துக் காட்டினால்தான் அந்தச் சந்தேகம் தீரும்.

மெடிகேர் தளம் 2016லிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் தருகிறது. பார்க்கச் சுலபம்தான். ஆனால் மாரடைப்பு, முழங்கால், தொற்று, அறைச் சுத்தம் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிய கூட்டு அது. முழங்காலுக்குப் போகிறவருக்கு அதில் கிடைப்பது சொற்பம். பிரசவத்துக்கு இடம் தேடும் பெண்ணுக்கு இன்னும் சொற்பம், ஏனென்றால் கணக்கின் பெரும்பகுதி மெடிகேரில் இருக்கும் வயதானவர்களை வைத்து வருவது.

எல்லாரும் சராசரி என்று வருவதற்கும் காரணம் உண்டு, அதில் ஏமாற்று இல்லை. 40 முழங்கால் செய்யும் இடத்தில் ஒருவருக்குச் சிக்கல் வந்தால் 2.5 சதவீதம், இரண்டு பேருக்கு வந்தால் 5. ஒரே ஒரு ஆளால் விகிதம் இரண்டு மடங்காகிறது. இதை வைத்து ஒரு ஆஸ்பத்திரியை மோசம் என்று சொன்னால் அநியாயம் என்பதால், உறுதியாகச் சொல்ல முடிந்தால் மட்டுமே வேறுபாடு உண்டு என்கிறார்கள். நியாயமான கணக்கு, ஆனால் மேசையில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு ஒன்றும் சொல்லாத கணக்கு. நானாக இருந்தால் அந்த இடத்தில், வருடத்துக்கு எத்தனை செய்கிறார்கள் என்ற எண்ணைப் பெரிதாகப் போடுவேன். அது புரியும், அதை டாக்டரிடமே கேட்கலாம். நாங்களும் கேட்டோம். ஒருவர் பட்டென்று எண்ணைச் சொன்னார். இன்னொருவர் "நிறைய" என்றார்.

கடைசியில் அம்மாவை முடிவெடுக்க வைத்தது நான் பெரிதாக நினைக்காத ஒரு வரி. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போனவர்களில் சிலருக்கு ஒரு கேள்வித்தாள் அனுப்பி, வரும் பதில்களை 2008லிருந்து மெடிகேர் வெளியிடுகிறது. அதில், கழிவறைக்குப் போக உதவி கேட்டபோது வேண்டிய நேரத்தில் கிடைத்ததா என்று ஒன்று. அதைத் தமிழில் சொன்னதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே!" அதில் முன்னால் நின்ற ஆஸ்பத்திரியே முடிவானது. டாக்டர், எண்ணைச் சொன்ன அதே டாக்டர். நல்ல வேளையாக அங்கேதான் ஆபரேஷன் செய்கிறார்.

இரண்டாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு மணி அடித்தாளாம். நர்ஸ் உடனே வந்து கைத்தாங்கலாகக் கூட்டிப் போனாராம். வீட்டுக்கு வந்து பல நாள் அதையே போனில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சில வாரம் கழித்து அந்தக் கேள்வித்தாள் எங்கள் வீட்டுக்கே வந்தது. நான் படித்துப் படித்துத் தமிழில் சொன்னேன், அம்மா பதில் சொன்னாள். கழிவறைக் கேள்விக்கு நான்கு விடைகள்: ஒருபோதும் இல்லை, சில நேரம், வழக்கமாக, எப்போதும். அம்மா 'வழக்கமாக' என்றாள். தளத்தில் முன்னால் வந்து நிற்பது 'எப்போதும்' என்று சொன்னவர்களின் சதவீதம்தான், மற்றதெல்லாம் பின்வரிசை என்று எனக்குத் தெரியும். "ஏம்மா, ஒரு தடவைகூட வராம இருக்கலையே?" என்றேன்.

"வந்தா வந்தா, ஒவ்வொரு தடவையும் வந்தா. ஆனா எப்பவும்னு யாரைப் பத்தியும் எழுதக் கூடாதுடி, கண்ணு பட்டுடும்."

அப்படியே டிக் அடித்து அனுப்பினோம்.