கடல் ரோந்து விமானம் உருவாக்க ஏரோநாட்டிகல்தான் படிக்க வேண்டுமா?

கேள்வி: பேரன் பிளஸ் டூ முடித்துவிட்டான். தொண்டிக் கடற்கரையில் கடற்படை விமானம் ஒன்று தாழப் பறந்ததைப் பார்த்ததிலிருந்து, "அந்த மாதிரி விமானம் செய்கிற வேலைதான் ஐயா வேண்டும், ஏரோநாட்டிகல் சேர்த்துவிடுங்கள்" என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். நன்கொடை பல லட்சம் கேட்கிறார்கள். சேர்க்கலாமா?
– தேவகோட்டை வாசகர்

பதில்: நன்கொடைப் பணத்தை எடுக்காதீர்கள்.

அவன் பார்த்தது அநேகமாக உச்சிப்புளி ஐஎன்எஸ் பருந்து கடற்படைத் தளத்து டோர்னியர் என்ற சிறிய ரோந்து விமானம். அதைவிடப் பெரிய ‘பி-8 ஐ’ (P-8I) என்ற கடல் ரோந்து விமானம் அரக்கோணத்தில் நிற்கிறது. அதன் உடம்பு என்ன தெரியுமா? திருச்சியில் சிங்கப்பூருக்கு ஏறுவோமே, அந்த போயிங் 737 குடும்பம்தான். உடம்பு தயாராக இருந்தும், 2004-இல் அமெரிக்கக் கடற்படை தேர்வு செய்த இந்த ரகம் முதலில் பறக்க 2009 ஆனது, அங்கே பணிக்கு வர 2013. நம்ம ஊரில் பழைய வீடு வாங்கினால் முகப்பையும் தூணையும் தொடாமல் உள்ளே வயரிங், பைப் எல்லாம் புதிதாகப் போடுவோமே, ஏறக்குறைய அந்த வேலை. சுவரை உடைக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆயுத அறைக்காக வயிற்றுப் பகுதியை மாற்றினார்கள். நேரத்தைத் தின்றது ரேடார், கணினி, ஒலிக்கருவிகள்.

அந்த ஒலிக்கருவிகளில் ஒன்றைப் பாருங்கள்: நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடிக்க சோனோபாய் என்று ஒரு குழாய், ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம். விமானத்திலிருந்து பாராசூட்டில் கடலில் விழும். பல ரகங்களில் உப்புத் தண்ணீர் பட்டதும் பேட்டரி உயிர்பெறும். ஆன்டெனா மேலே மிதக்க, கேபிளில் மைக் கீழே இறங்கி நீர்மூழ்கியின் சத்தத்தைக் கேட்டு ரேடியோவில் மேலே அனுப்பும். வேலை முடிந்தால் தானே மூழ்கிவிடும்.

இதில் ஏரோநாட்டிகல் எவ்வளவு இருக்கிறது? ஒலி, மின்னணு, பேட்டரிதான் அதிகம். பேட்டரி பற்றிய படிப்புக்கு உங்கள் பக்கத்திலேயே காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கிறது. அழகப்பச் செட்டியார் இடமும் பணமும் கொடுத்து வந்த நிறுவனம். உப்புக்காற்று உலோகத்தை எப்படி அரிக்கிறது என்று மண்டபத்தில் சோதனைக்கூடமே வைத்திருக்கிறார்கள். கடலோரத்தில் நிற்கிற விமானத்துக்கு அரிப்பு தீராத தலைவலி.

ஒலியால் நீருக்கடியில் தேடும் சோனார் கருவிகளின் ஆய்வு, கொச்சியில் டிஆர்டிஓ என்கிற மத்திய பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் என்பிஓஎல் ஆய்வகத்தில் நடக்கிறது. சி-295 என்ற ராணுவப் போக்குவரத்து விமானத்தைக் கடல் ரோந்துக்கு மாற்றும் திட்டம் பெங்களூரில். இரண்டு இடத்துக்கும் ஈசிஇ (எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) நல்ல வழி, கெமிக்கலும் மோசமில்லை. ஏரோநாட்டிகலே வேண்டும் என்று அடம்பிடித்தால், கவுன்சிலிங்கில் நல்ல கல்லூரி கிடைத்தால் மட்டும் சேருங்கள்.

அப்புறம், டிஆர்டிஓவில் விஞ்ஞானியாகச் சேர கேட் (GATE) என்ற பொறியியல் நுழைவுத் தேர்வு மதிப்பெண் வேண்டும். அந்தத் தேர்வை மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம் என்று பேரனிடம் சொல்லி வையுங்கள்.