ஜாம் ஏன் வழிகிறது?

கேள்வி: 8 அங்குல வெனிலா கேக் இரண்டு செய்து, ஒவ்வொன்றையும் இரண்டாக அறுத்து, நடுவில் ஸ்ட்ராபெர்ரி ஜாம் வைத்து அடுக்கினேன். கொஞ்ச நேரத்தில் ஜாம் பக்கவாட்டில் பிதுங்கி, வெளியே பூசிய கிரீமெல்லாம் கறை. கேக்கும் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. செய்முறையில் டார்ட்டிங், டேம் என்று போட்டிருக்கிறது. அதெல்லாம் என்ன?

பதில்: உங்கள் ஜாமில் குறை இருக்காது. அதற்குத் தடுப்பு இல்லை, அவ்வளவுதான். அந்தத் தடுப்புதான் டேம். கெட்டியான பட்டர்கிரீமைப் பைப்பிங் பையில் போட்டு, விளிம்பிலிருந்து கால் அங்குலம் உள்ளே தள்ளிச் சுற்றிலும் வளையமாகப் பிழியுங்கள். மேல் அடுக்கை வைத்து அழுத்தும்போது வளையம் சப்பையாகி விளிம்புவரை வரும், அதற்குத்தான் அந்த இடைவெளி. ஜாம் வளையத்தின் உயரத்தைவிடச் சற்றுக் கீழேயே நிற்கட்டும். ஆசைப்பட்டுக் கூடுதலாக வைக்காதீர்கள். விப்பிங் கிரீமில் டேம் போட்டால் எடை தாங்காது. நடுவிலும் பட்டர்கிரீம்தான் என்றால் டேமே தேவையில்லை.

டார்ட்டிங் என்பது கேக்கைக் கிடைமட்டமாக அறுத்து மெல்லிய அடுக்குகளாக்குவது. அதற்கு முன் செய்வது லெவலிங், அதாவது மேலே உப்பிய பகுதியைச் சீவிச் சமமாக்குவது. உங்கள் கேக் சாய்ந்தது பெரும்பாலும் இந்த இரண்டு இடத்தில்தான் இருக்கும். கேக் முழுக்க ஆறி, ஃப்ரிட்ஜிலும் ஒரு மணி நேரம் இருக்கட்டும். சூட்டில் கத்தி வைத்தால் உதிரும். ரம்பப்பல் உள்ள நீளக் கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் கத்தியை ஒரே உயரத்தில் பிடித்துக்கொண்டு, கேக்கைத் திருப்பித் திருப்பி, பக்கவாட்டில் கோடு மட்டும் போடுங்கள். அடுத்தடுத்த சுற்றுகளில் அந்தக் கோட்டிலேயே நடுப்பகுதியை நோக்கிப் போகலாம்.

அறுக்கும் முன் இன்னொரு வேலை இருக்கிறது. இதை நான் ஒருநாளும் விடமாட்டேன். கேக்கின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரு சின்னக் கீறல் போட்டுவிடுங்கள். அடுக்கும்போது மேல் பாதியின் கீறலும் கீழ்ப் பாதியின் கீறலும் நேருக்கு நேர் வரட்டும். கோணலாகவே அறுபட்டிருந்தாலும், ஒரு பாதியின் மேட்டை மற்றதன் பள்ளம் வாங்கிக்கொள்ளும், கேக் நேராக நிற்கும்.

இரண்டாவது கேக்கின் இரு பாதிகளையும் தலைகீழாகக் கவிழ்த்து அடுக்குங்கள். பாத்திரத்தின் அடியில் பட்ட தட்டையான பக்கம் மேலே வந்துவிடும், தூளும் அதிகம் உதிராது. அப்புறம் மெல்லிய பூச்சு ஒன்று, அதாவது க்ரம் கோட். 20 முதல் 30 நிமிடம் ஃப்ரிட்ஜில் இறுகியபின் கடைசிப் பூச்சு.

கேள்வி: லேயர், டயர் இரண்டும் ஒன்றா?

பதில்: இல்லை. ஒரு கேக்குக்குள் இருக்கும் அடுக்கு லேயர். நடுவில் கிரீம் வைத்து முடித்த முழுக் கேக் ஒன்று டயர். 2 டயர் கேக்கில் மேலே உட்காரும் சிறிய கேக்குக்குத் தனியே ஒரு அட்டை வேண்டும். கீழ்க் கேக்குக்குள் தாங்குகுச்சிகளும் செருக வேண்டும், அவை கீழ்க் கேக்கின் உயரத்துக்குச் சரியாக வெட்டியவையாக இருக்கட்டும்.