சுமாராகச் செய்யும் துணிவு

கேள்வி: எனக்கு வயது 36. செய்யும் வேலையில் ஒரு பிழைகூட இருக்கக் கூடாது என்று நினைப்பவள் நான். அலுவலகத்தில் ஒரு சாதாரண மின்னஞ்சலைக்கூட ஐந்தாறு முறை படித்துத் திருத்திய பிறகே அனுப்புவேன். மேலதிகாரி பாராட்டினால் அன்று மாலை வரை நிம்மதி. மறுநாள் அதே பயம் திரும்பிவிடும். ‘பழக்கமில்லாத ஒன்றைச் சவாலாக எடுத்துச் செய், உன்மேல் உனக்கே மதிப்பு வரும்’ என்றாள் தோழி. நீச்சல் வகுப்பில் சேர்ந்தேன். நான்கு வகுப்புகள் முடிந்தும் எனக்கு மிதக்க வரவில்லை. என்னோடு சேர்ந்தவர்கள் நீந்தவே தொடங்கிவிட்டார்கள். ஐந்தாம் வகுப்புக்கு நான் போகவில்லை. இப்போது ‘இதுவும் என்னால் முடியவில்லை’ என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. எங்கே தவறினேன்?
— ஒரு வாசகி

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தவை ‘என்னோடு சேர்ந்தவர்கள்’ என்ற இரண்டு சொற்கள். உங்களுக்காக நீங்கள் தொடங்கிய ஒரு சவால், நான்கே வகுப்புகளில், பிறர் முன்னால் மதிப்பெண் வாங்க வேண்டிய இன்னொரு தேர்வாக மாறிவிட்டதை அவை சொல்கின்றன.

தன்மதிப்பு என்பது, நாம் அடைந்த வெற்றியை நாம் வைத்துக்கொண்ட எதிர்பார்ப்பால் வகுத்தால் வரும் ஈவு என்று அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் எழுதினார். குறையே இல்லாத நிலையை எதிர்பார்ப்பாக வைத்துக்கொண்டவருக்கு வகுக்கும் எண் எப்போதும் பெரிதாகவே இருப்பதால், மேலே எவ்வளவு வெற்றியைச் சேர்த்தாலும் விடை சிறியதாகவே வரும். மேலதிகாரியின் பாராட்டு ஒரு மாலைப் பொழுதைத் தாண்டி நிற்காததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். இந்த வேதனையில் நீங்கள் தனியாகவும் இல்லை. அமெரிக்கா, கனடா, பிரிட்டன் ஆகிய நாடுகளில் 1989 முதல் 2016 வரை 40,000-க்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களிடம் திரட்டிய தரவுகளைத் தாமஸ் கரன், ஆண்ட்ரூ ஹில் என்ற இரு உளவியலாளர்கள் தொகுத்துப் பார்த்தபோது, ‘பிறர் என்னிடம் குறையின்மையை எதிர்பார்க்கிறார்கள்’ என்ற உணர்வே குறையின்மை நாட்டத்தின் மற்ற வகைகளைவிட அதிகமாகக் கூடியிருந்தது.

தோழி சொன்ன வழி சரியானதே. ஒருவருக்குத் தம் திறமையில் நம்பிக்கை பிறக்கும் வழிகளை 1977-இல் வகுத்துக் காட்டிய உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா, பிறர் தரும் ஊக்கச் சொற்களைவிடத் தாமே செய்து முடித்த அனுபவத்துக்கே அதிக வலிமை உண்டு என்றார். எளிதாகக் கிடைத்த வெற்றிகளை மட்டுமே கண்டவர் முதல் தோல்வியிலேயே சோர்ந்துவிடுவார் என்பதும் அவர் கருத்து. ஆனால் ‘என்னால் இது முடியும்’ என்ற நம்பிக்கையும் ‘நான் மதிப்புள்ளவள்’ என்ற உணர்வும் ஒன்றல்ல என்பதையும் அவர் பிரித்துக் காட்டியிருக்கிறார். தோழியின் அறிவுரையில் விடுபட்டுப் போன பகுதி இந்த இடத்தில்தான் இருக்கிறது. நீந்தக் கற்றுக்கொண்ட பிறகு உங்கள் மதிப்பு கூடும் என்று காத்திருந்தால், அந்த மதிப்பு மறுபடியும் ஒரு வெற்றியின் வாசலில் நிற்கத் தொடங்கிவிடும். தண்ணீரில் தடுமாறிக்கொண்டு, நாலு பேர் பார்க்க மூழ்கி எழுந்து, அதன் பிறகும் உடை மாற்றிக்கொண்டு வழக்கமான மனுஷியாக வீடு திரும்புகிறீர்களே, உங்களுக்குத் தேவையான அனுபவம் அதுதான். ஒன்றைச் சுமாராகச் செய்தும் நம்மிடமிருந்து எதுவும் குறைந்து போகவில்லை என்பதை உடம்பு தானே அறிந்துகொள்ள வேண்டும். படித்துத் தெரிந்துகொள்ள முடியாத பாடம் அது. முதல் நான்கு வகுப்புகளில் அது உங்களுக்குக் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. தோல்வி என்று பெயர் வைத்துவிட்டதால் நீங்கள் அதைக் கவனிக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மிதப்பதில் பிறரோடு ஒப்பிடுவதற்கு உண்மையிலேயே அடிப்படை இல்லை. உடலில் உள்ள கொழுப்பின் அளவு, தசையும் எலும்பும் கொண்ட அடர்த்தி, நுரையீரலில் நிற்கும் காற்று ஆகியவை ஆளுக்கு ஆள் மாறுபடுவதால், ஒருவர் முதல் நாளிலேயே மிதப்பார். இன்னொருவருக்குக் கால்கள் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். பயத்தில் தலையைத் தூக்கினால் இடுப்பும் காலும் இன்னும் தாழும். மல்லாந்து படுத்து, காதுகள் நனையும்படி தலையைத் தண்ணீரில் விட்டு, மூச்சை நிறைய இழுத்துக்கொண்டால்தான் உடல் மேலே வரும். தலையை விட்டுக்கொடுப்பது உங்களைப் போன்றவர்களுக்குக் கடினம் என்பது எனக்குப் புரிகிறது.

ஆகவே திரும்பிப் போகும்போது இலக்கை மாற்றிக்கொள்ளுங்கள். எவ்வளவு நன்றாக நீந்துகிறேன் என்ற கணக்கை விட்டுவிட்டு, வாரம் 2 வகுப்பு வீதம் 3 மாதம் போவேன் என்று மட்டும் தீர்மானியுங்கள். அது முழுக்க உங்கள் கையில் இருக்கும் இலக்கு. ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும், போன வாரம் முடியாமலிருந்து இன்று முடிந்த ஒன்றை ஒரே வரியில் எழுதி வையுங்கள். எழுத ஒன்றும் இல்லாத வாரமும் வரும். அன்று ‘போனேன்’ என்று எழுதினால் போதும்.

அலுவலகத்திலும் இதைச் சிறிதாகச் செய்து பார்க்கலாம். முக்கியமில்லாத ஒரு மின்னஞ்சலை ஒரே முறை படித்து அனுப்புங்கள். அனுப்பும் முன், என்ன விபரீதம் நேரும் என்று அஞ்சுகிறீர்களோ அதைத் தாளில் எழுதி, இரண்டு நாள் கழித்து நடந்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் ‘அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை’யில் உளவியலாளர்கள் பயன்படுத்தும் முறை இது. தூக்கம் கெடும் அளவுக்கோ, திரும்பத் திரும்பச் சரிபார்ப்பதை நிறுத்தவே முடியாத அளவுக்கோ பயம் இருந்தால், தயங்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

ஐந்தாம் வகுப்பு அன்று பயிற்சியாளரிடம், “எனக்கு இன்னும் மிதக்க வரவில்லை, ஆழமில்லாத பக்கத்திலிருந்து தொடங்கலாமா?” என்று கேளுங்கள். அன்றைக்கு, முகத்தைத் தண்ணீரில் வைத்துப் பத்து முறை மெதுவாக மூச்சை வெளியே விட்டுவிட்டு வாருங்கள்.